வெள்ளை விட்ட இடமும் ஈயம்தான்

ஆடி பிறப்பதற்கு முன்பே எங்கள் ஆலங்குடி வட்டாரத்தில் மொய்விருந்துப் பத்திரிகை அடிக்கும் வேலை சூடு பிடித்துவிடும். மொய் வாங்குவதற்காகத் தனியாக விருந்து வைத்தால் செலவு கட்டாது என்பதால் பத்துப் பேர், இருபது பேர், சில இடங்களில் முப்பது பேர்கூட ஒன்று சேர்ந்து ஒரே பந்தலில் கறிவிருந்து போடுவார்கள். மொய் எழுதும் இடம் மட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. பத்திரிகை எல்லாருக்கும் சேர்த்து ஒன்றுதான். அதில் ஒருவர் பெயர் அடுத்தவர் பெயரைவிட ஒரு நூல் பெரிதாக இருக்கக் கூடாது. தேதி, கிழமை, பந்தல் இருக்கும் இடம் மூன்றும் எட்ட நின்று பார்த்தாலே தெரிய வேண்டும். தனக்கு மொய் செய்தவரின் பெயரைத் தேடுகிறவர் அதைச் சட்டென்று கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவையும் ஒரே தாளில் நெரிசல் இல்லாமல் அடுக்கத் தெரிந்தவருக்கு எந்தப் பக்கத்தையும் அமைக்க வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வல்லத்திராக்கோட்டை. அப்பா புதுக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் கம்போசிட்டர். அவரிடம் ஈய எழுத்துக் கோக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு கணினியில் பக்கம் கட்டினேன். இப்போது கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் வலைத்தளம் அமைத்துத் தருகிறேன். கருவிகள் மாறிக்கொண்டே வந்தாலும் தொழிலின் கேள்விகள் அப்படியே இருக்கின்றன. எதை மேலே வைப்பது? எதைக் கீழே தள்ளுவது? எவ்வளவு இடம் விடுவது? படிக்க வருகிறவரின் கண் முதலில் எங்கே போய் நிற்கும்? இவையெல்லாம் வலைத்தளம் வந்த பிறகு முளைத்த கேள்விகள் என்று இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துப் பாறை ஒன்று சுமார் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவற்றுக்குப் பதில் சொல்லி வைத்திருக்கிறது.

அந்தப் பாறை குடுமியான்மலையில் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். சிகாநாதசாமி கோயிலுக்குப் பின்னால், மேலைக்கோயில் என்னும் குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில் இசைக் கல்வெட்டு வெட்டப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டை ஒட்டியது, கிரந்த எழுத்தில் அமைந்தது என்பது அறிஞர்கள் கணிப்பு. பி.ஆர். பண்டார்கர் இதை ஆராய்ந்து எபிகிராபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் பதிப்பித்தார். இசை தெரிந்தவர்கள் அதில் இசையைப் பார்ப்பார்கள். பக்கம் கட்டுகிறவனான எனக்கு அது ஒரு பக்கமாகவே தெரிகிறது. மொத்தம் 38 வரிகள், ஏழு பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பாக, கிராமராகம் என்னும் பழைய ராக வகையில் ஒன்றின் பெயர். சுரங்கள் நான்கு நான்காகப் பிரிக்கப்பட்டு, வரிக்குப் பதினாறு தொகுதி என்ற கணக்கில் வரிசை பிடித்து நிற்கின்றன. மேலிருந்து கீழாகவும் ஓடலாம், இடமிருந்து வலமாகவும் ஓடலாம். கண் வழி தவறாது.

பாறையில் உளி வைத்தவர் முன்கூட்டியே கட்டம் போட்டுக்கொள்ளாமல் இப்படி வெட்டியிருக்க முடியாது. கல்லில் ஓர் எழுத்து தவறினால் அழித்து எழுத வழியில்லை. எந்தப் பகுதி எத்தனை வரி பிடிக்கும், சரிவின் எந்த இடத்தில் அடுத்த தலைப்பு வரும் என்பதெல்லாம் உளி தொடும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அந்தக் கல்வெட்டின் இறுதியில் ஒரு குறிப்பு இருக்கிறது. உருத்திராசாரியார் என்பவரின் மாணவனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாக அது சொல்கிறது. யாருக்காகச் செய்தது என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மாணவன் பார்த்துப் பாடம் செய்ய வேண்டும். அதனால் நான்கு நான்காகப் பிரித்தார்கள், பகுதிக்குத் தலைப்பு வைத்தார்கள், தொகுதிகளுக்கு நடுவே இடம் விட்டார்கள். பக்க அமைப்பு என்ற தொழிலின் முதல் விதி இதில் அடங்கிவிடுகிறது: படிக்க வருகிறவர் யார் என்று முதலில் முடிவு செய்.

கல்லுக்கு அடுத்தது ஓலை. பனை ஓலையின் அகலம் இரண்டு மூன்று விரல்தான். நீளம் மட்டும் தாராளம். அதனால் வரிகள் நீண்டு ஓடின. கயிறு கோக்கத் துளை போட வேண்டும். துளைக்கு அருகில் எழுதினால் கயிறு உராய்ந்து எழுத்து போகும், ஓலையும் கிழியும். எனவே துளையைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு எழுதினார்கள். ஏட்டின் எண் இடப்பக்க ஓரத்தில் நின்றது. சுவடியைக் கட்டிலிருந்து பிரிக்காமல் ஓரத்தைப் புரட்டியே வேண்டிய ஏட்டை எடுத்துவிடலாம். செப்பேட்டிலும் இதே கணக்குத்தான். வளையம் கோக்கும் துளையைச் சுற்றி எழுத்து ஒதுங்கி நிற்கும். இன்று நாம் ஓரம் என்றும் விளிம்பு என்றும் பேசுவதெல்லாம் எழுதப்பட்ட பொருளைக் காப்பாற்றப் பிறந்தவை.

ஆனால் ஓலையில் ஒரு கஷ்டம் உண்டு. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. புள்ளி பெரும்பாலும் இராது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது, உரைக்குள் வரும் மேற்கோள் எது என்று பிரித்துத் தெரிந்துகொள்வது பெரும்பாடு. ஆசிரியர் அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த காலத்தில் அது குறையாகத் தெரியவில்லை. வழி காட்ட ஓர் ஆள் இருந்தார். அந்த ஆள் இல்லாமல் தனியாக ஒருவர் படிக்க வேண்டி வந்தபோது வழிகாட்டும் வேலை பக்கத்தின் தலையில் விழுந்தது. அந்த வேலையை அச்சு ஏற்றுக்கொண்டது.

தமிழ் எழுத்து அச்சின் தொடக்கம் 1578, கொல்லம். அங்கே அச்சான தம்பிரான் வணக்கம் 16 பக்கம் கொண்ட சிறு நூல். பிற்காலத்தில் ஒரு பெரிய முயற்சி தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்கு காலத்தில் நடந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. எனவே பக்கத்துப் பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், காகிதப் பட்டறையும் வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் அந்தப் பக்கத்தில் இன்னும் வழங்குகிறது. புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை அன்று காகிதத்தின் விலை முடிவு செய்தது.

இந்தியர்கள் தாராளமாக அச்சகம் நடத்த 1835ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சகம் வைத்த ஆறுமுக நாவலர், தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாகக் கையாண்டார். படிக்கிறவர் எங்கே மூச்சு விட வேண்டும் என்பதைப் பக்கமே சொல்லத் தொடங்கியது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஓலையில் ஒன்றோடொன்று கலந்து கிடந்தவை தாளில் பிரிந்து நின்றன. பாட்டுக்கு ஓர் இடம், உரைக்கு ஓர் இடம், அடிக்குறிப்புக்கு ஓர் இடம் கிடைத்தது. அவருடைய பதிப்புகளின் முகவுரையும் அகராதியும், தான் தேடுவது இருக்கும் இடத்துக்குப் படிக்கிறவரை நேரே கொண்டுபோய்ச் சேர்ப்பவை. வலைத்தளத்துப் பட்டியல் செய்யும் வேலையும் அதுவே.

இனி எங்கள் புதுக்கோட்டைக் கதை. சமஸ்தானத்துக்குச் சொந்தமாக ஸ்ரீ பிரகதாம்பாள் ஸ்டேட் பிரஸ் இருந்தது. எஸ். ராதாகிருஷ்ண ஐயர் எழுதிய புதுக்கோட்டை வரலாறு 1916இல் அங்கேதான் அச்சானது. 1929இல் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளை அரச மரபு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து அடுக்கியிருக்கிறார்கள். கே.ஆர். வெங்கடராம ஐயர் உருவாக்கிய சமஸ்தானக் கையேட்டின் தொகுதிகள் 1938 தொடங்கி 1944 வரை வெளிவந்தன. அந்தப் பக்கங்களைப் புரட்டினால் பொருள் தலைப்பு, உள்தலைப்பு, ஊர்ப் பெயர் என்று படிப்படியாக இறங்கும் ஒழுங்கு தெரியும். எங்கள் ஊர்ப் பக்கத்துச் செய்தி எதையாவது தேடி அந்தத் தொகுதிகளைத் திறந்தால் நான் அதிகம் அலைவதில்லை.

புதுக்கோட்டை நகரத்திலும் இதே ஒழுங்கைக் காணலாம். திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், நகரம் திருத்தி அமைக்கப்பட்டது. நடுவில் அரண்மனை இருந்த இடம், அதைச் சுற்றி நான்கு ராஜவீதிகள். அவற்றுக்கு வெளியே கீழ இரண்டாம் வீதி, மேல மூன்றாம் வீதி, வடக்கு நான்காம் வீதி என்று திசையும் எண்ணும் சேர்ந்த பெயர்கள். வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்குகிறவர் திசை தெரிந்தால் போதும், வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு வலைத்தளத்தின் பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்த வீதிகளைத்தான் காட்டுவேன். பெயரைக் கேட்டதும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று விளங்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரையும் சுதந்திரத்தையும் ஒட்டிய ஆண்டுகளில் புதுக்கோட்டை தமிழ் இதழ்களின் ஊராக இருந்தது. முருகு சுப்பிரமணியனும் அரு. பெரியண்ணனும் 1947இல் பொன்னி இதழை இங்கிருந்துதான் தொடங்கினார்கள். பாரதிதாசன் பரம்பரை என்ற வரிசையில் இளங்கவிஞர்களை அது அறிமுகம் செய்தது. சிறுவர் இதழ்கள் பல இந்த ஊரில் அச்சாயின. மாவட்டத்து ராயவரத்தில் 1922இல் பிறந்த அழ. வள்ளியப்பா, பாலர் மலர், டமாரம், சங்கு ஆகிய இதழ்களுக்குக் கௌரவ ஆசிரியராக இருந்தார். சக்தி இதழையும் சக்தி காரியாலயத்தையும் நடத்தி, மலிவு விலையில் நல்ல புத்தகங்களைக் கொண்டுவந்த வை. கோவிந்தனும் அதே ராயவரத்துக்காரர்தான்.

சிறுவர் இதழ் அச்சிடுவது சாதாரண வேலை இல்லை என்று அப்பா சொல்வார். அவர் தொழில் கற்றது அந்தத் தலைமுறை கம்போசிட்டர்களிடம். பெரியவர்களுக்கான பக்கத்தில் எழுத்தை நெருக்கி வைத்தாலும் பொறுத்துக்கொண்டு படிப்பார்கள். பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விடும். எனவே எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், வரிக்கும் வரிக்கும் நடுவே தாராளமாக இடம் வேண்டும், படம் பாட்டுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பாட்டு ஒரு பக்கத்திலும் அதன் படம் திருப்பினால் வரும் பக்கத்திலும் இருந்தால் பிள்ளைக்கு இரண்டும் போயிற்று.

இப்போது அப்பா வேலை பார்த்த அச்சகத்துக்குள் வாருங்கள். சுவரை ஒட்டிச் சாய்வாக நிற்கும் கேஸ்கள். ஒவ்வொரு கேஸிலும் சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஓர் எழுத்து. கால் தனி, கொம்பு தனி. கு, கூ வரிசை எழுத்துகள் ஒவ்வொன்றும் தனி வார்ப்பு. ஆங்கிலத்தைப் போலச் சில பத்து அறைகளில் முடிகிற காரியம் இல்லை. இடது கையில் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைப் பிடித்து, வலது கை அறையறையாகப் போய் எழுத்தைப் பொறுக்கி வரும். எழுத்து தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் இருக்கும். அப்பா பார்க்காமலே பொறுக்குவார். எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றபோது, லை, னை போன்றவற்றின் பழைய துதிக்கை வடிவங்களும் ணா, றா, னா ஆகியவற்றின் பழைய வடிவங்களும் விடைபெற்றன. கேஸில் சில அறைகள் காலியாயின. அந்தச் சீர்திருத்தத்தைக் கம்போசிட்டர்கள் விரல் நுனியில் உணர்ந்தார்கள்.

இந்தத் தொழிலில் நான் கற்ற மிகப் பெரிய பாடம் வெள்ளை இடத்தைப் பற்றியது. கணினியில் வெள்ளை என்றால் ஒன்றும் இல்லாத இடம். லெட்டர்பிரஸ் என்னும் ஈய எழுத்து அச்சில் அப்படி ஒன்று கிடையாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் வேண்டுமானால் ஸ்பேஸ் என்னும் ஈயத் துண்டை வைக்க வேண்டும். பத்தி உள்ளே தள்ளித் தொடங்க வேண்டுமானால் குவாட் என்னும் அகலமான துண்டை வைக்க வேண்டும். வரிகளுக்கு நடுவே இடம் வேண்டுமானால் லெட் என்னும் ஈயத் தகட்டைச் செருக வேண்டும். பக்கத்தைச் சுற்றி ஓரம் வேண்டுமானால் பர்னிச்சர் என்னும் கட்டைகளை அடுக்க வேண்டும். எல்லாம் எழுத்தைவிடக் குட்டையானவை. மை படாது, தாளில் தெரியாது. ஆனால் அவை இல்லையென்றால் எழுத்து நிற்காது, பக்கம் சரிந்து கொட்டிவிடும். “வெள்ளை விட்ட இடமும் ஈயம்தான் தம்பி. எழுத்த வைக்கிற கவனத்தோட அதையும் வை” என்பார் அப்பா.

சமநிலை என்பதற்கும் அங்கே உண்மையான எடை இருந்தது. சேஸ் என்னும் இரும்புச் சட்டத்துக்குள் பக்கத்தை வைத்துச் சுற்றிலும் இறுக்கி, டிரெடில் இயந்திரத்தில் பூட்டுவார்கள். ஒரு பக்கம் படம் அச்சிடும் பெரிய பிளாக்கும் தடித்த தலைப்பும், மறுபக்கம் மெல்லிய பொடி எழுத்தும் இருந்தால் அழுத்தம் சமமாக விழாது. பிளாக் வெளிறும், அல்லது பொடி எழுத்து தாளைக் குத்திவிடும். இயந்திரம் ஓட்டுகிறவர் தாளுக்கு அடியில் மெல்லிய காகிதத் துண்டுகளை ஒட்டி ஒட்டி அழுத்தத்தைச் சரிசெய்வார். அந்த வேலைக்கு அரை நாள்கூடப் போகும். ஆகவே கம்போசிட்டர் பக்கம் கட்டும்போதே கனத்தைப் பிரித்து வைப்பார். கண்ணுக்கு அழகாகத் தெரிகிற பக்கம் பெரும்பாலும் இயந்திரத்துக்கும் இசைவான பக்கமாக இருந்தது.

வரியை முறிப்பதிலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பத்திரிகைப் பத்தி ஒடுங்கியது. சொல்லை நடுவில் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவதைத் தவிர்க்க முடியாது. ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. மெய்யெழுத்து முந்திய எழுத்தோடு ஒட்டியே ஒலிக்கும் என்பதால் அதைத் தனியாகப் பிரித்துக் கீழே போட்டால் படிக்கிறவர் நாக்கு தடுக்கும். ஒரே ஒரு ஒற்றுக்காக வரி முழுவதையும் பிரித்து, ஸ்பேஸ்களைக் கூட்டிக் குறைத்து மறுபடி கோத்த கம்போசிட்டர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரமம் தாளில் தெரியவே தெரியாது.

அச்சகத்துக்குச் சோறு போட்டது கல்யாணப் பத்திரிகை. அதைப் போல ஒரு குடும்பத்தின் வரிசையைத் துல்லியமாகக் காட்டும் பக்கம் வேறு இல்லை. உச்சியில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே குலதெய்வத்தின் துணை, பிறகு பெரியவர்களின் பெயர்கள், நடுவில் மணமக்கள், அதற்குக் கீழே நாள், நேரம், இடம். கீழ் ஓரத்தில் அழைப்பவர்கள். “அப்பத்தா பேரு மேல வந்தாத்தான் தம்பி பத்திரிகையக் கையில வாங்குவாக” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காலியாகக் கிடக்கிறதே என்று ஓரத்தில் யார் பெயரையும் செருக முடியாது. இடம் என்பது மரியாதை. எந்தப் பெயர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஊரே பார்க்கும்.

காலம் மாறியதையும் இந்தப் பக்கம் பதிந்து வைத்திருக்கிறது. சுயமரியாதைத் திருமணப் பத்திரிகைகளில் உச்சியில் இருந்த தெய்வத்தின் இடத்துக்குத் திருக்குறளோ தலைவரின் பெயரோ வந்தது. 1967இல் அந்தத் திருமணங்களைச் சட்டம் ஏற்பதற்கு முன்பே பத்திரிகையின் உச்சி மாறிவிட்டிருந்தது. மணமகன் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் இருந்த பட்டப்படிப்பு, பெண்கள் கல்லூரிக்குப் போகப் போக மணமகள் பெயருக்குப் பக்கத்திலும் வந்து அமர்ந்தது. ஒரு கட்டுப் பழைய பத்திரிகைகளை ஆண்டு வரிசையில் அடுக்கினால் ஊரின் வரலாற்றை எழுதிவிடலாம்.

தொண்ணூறுகளில் கணினி வந்தது. பேஜ்மேக்கரும் கோரல் டிராவும் புதுக்கோட்டைக் கடைகளில் நுழைந்தன. கேஸ்கள் எடைக்குப் போயின. உருக்கிய ஈயத்துக்குக் கிடைத்த விலைதான் அத்தனை எழுத்துக்கும் விலை. புதிய வசதி பெரிது, அதை நான் மனதார வரவேற்றேன். முன்பு நாள் முழுக்க ஆன வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் எழுத்தை எப்படியும் இழுக்கலாம், சாய்க்கலாம், நிழல் போடலாம் என்றானதும் பக்கங்கள் நிரம்பி வழியத் தொடங்கின. வெள்ளை இடத்துக்கு ஈயம் தேவைப்பட்ட வரையில் அதை வைப்பவர் யோசித்து வைத்தார். அது இலவசமானதும் வாடிக்கையாளர் கண்ணுக்கு வீணாகக் கிடக்கும் இடமாகத் தெரிந்தது. “இங்க சும்மாதானே கெடக்கு, ஒரு படத்தப் போட்டு விடுங்க” என்பது அன்று முதல் நான் அதிகம் கேட்கும் வேண்டுகோள்.

அதே ஆண்டுகளில் உலகம் வலைக்குள் போய்க்கொண்டிருந்தது. டிம் பெர்னர்ஸ் லீ 1991இல் வெளியிட்ட முதல் வலைப்பக்கம் வெறும் எழுத்துதான். அலங்காரம் எதுவும் கிடையாது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் உழைப்பால் 1995 அக்டோபர் 27 அன்று தமிழ் எழுத்து இணையத்தில் ஏறியது. சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பு அது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தரத் தொடங்கியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வோர் எழுத்துரு. தளத்தைத் திறந்ததும் செய்திக்கு முன்னால் எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொல்லும் அறிவிப்புதான் உச்சியில் நிற்கும். யூனிகோடை அரசு 2010இல் ஏற்றுப் புழக்கமும் பரவிய பிறகுதான் அந்த இடம் விடுதலை பெற்றது.

இன்று எங்கள் ஊர்களில் வலைப்பக்கம் பார்ப்பவர்கள் அதைக் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். ஓலை பக்கவாட்டில் நீண்டு, உயரத்தில் குட்டையாக இருந்தது. கைப்பேசித் திரை ஒடுக்கமாகவும் நெட்டையாகவும் இருக்கிறது. ஆங்கிலத்துக்குச் செய்த அமைப்பில் தமிழைக் கொட்டினால் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறேன். தமிழ் எழுத்துக்கு மேலே சுழி ஏறும், கீழே கொம்பு இறங்கும். வரி இடைவெளி போதாவிட்டால் மேல் வரியின் ‘கு’வும் கீழ் வரியின் ‘கி’யும் முட்டிக்கொள்ளும். அப்பா செருகிய லெட் தகட்டை நான் இங்கே எண்ணாக எழுதித் தருகிறேன். இரு ஓரமும் நேராக நிற்கட்டும் என்று வரியை இழுத்துக் கட்டினால், நீளமான சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக வெள்ளை விழும். இடது ஓரத்தை மட்டும் நேராக்கி, வலது ஓரத்தை அதன் போக்கில் விட்டால் படிக்க இதமாக இருக்கும். தடித்த எழுத்தை அளவோடு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘ஞ’, ‘ணி’ போன்றவற்றின் உட்குழிவு அடைபட்டுக் கரும்புள்ளியாகிவிடும்.

பட்டியல் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆங்கிலத்தில் சின்னச் சொற்களாக ஒரே வரியில் அடங்கும் பட்டியல், தமிழில் எங்களைப் பற்றி, எங்கள் சேவைகள், தொடர்புக்கு என்று நீண்டு இரண்டாம் வரிக்கு வழிந்துவிடும். இடத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் மூன்று கோட்டுப் பொத்தானுக்குள் ஒளித்து வைக்கிறார்கள். அந்த மூன்று கோட்டுக்குள் வழி இருக்கிறது என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. நான் அதன் பக்கத்தில் ‘பட்டியல்’ என்று எழுதி வைக்கிறேன். அதைவிட முக்கியம், அவசரமாகத் தேவைப்படும் இரண்டு மூன்றை வெளியிலேயே நிறுத்துவது. கோயில் தளமா? நடை திறக்கும் நேரம், திருவிழா நாள், வரும் வழி. பள்ளியா? சேர்க்கை, கட்டணம், அலுவலகத் தொலைபேசி எண். கடையா? என்ன கிடைக்கும், எத்தனை மணி வரை திறந்திருக்கும். நிறுவனரின் படமும் வாழ்க்கைக் குறிப்பும் பிறகு வரட்டும். வந்தவருக்கு வேண்டியது முதலில், வைத்தவரின் பெருமை அதற்குப் பின்னால்.

கனத்தைப் பிரிப்பதும் மாறவில்லை. முகப்பில் பெரிய படம் ஓடிக்கொண்டிருக்கும், அதன் மேல் எழுத்து நகரும், ஓரத்தில் ஓர் அறிவிப்பு மின்னும். கண் எதிலும் நிற்காது. ஒரு பெரிய படத்துக்கு எதிரில் ஒரு சின்னத் தலைப்பை வைத்து, அதைச் சுற்றி நிறைய வெள்ளை விட்டால் இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கும். மொய்விருந்துப் பத்திரிகையில் நான் செய்வதும் அதுவே. பெயர்களை ஒரே அளவில் இரண்டு பத்தியாக அடுக்குவேன். ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவர் ஊர். பத்திகளுக்கு நடுவே கை வைக்கும் அளவுக்கு வெள்ளை. தேதிக்கும் இடத்துக்கும் தனிக் கட்டம். அந்த நடுவெள்ளையில் எதையாவது போடச் சொல்லி யார் கேட்டாலும் நான் இணங்குவதில்லை. பெயர்கள் சமமாகத் தெரிவது அதனால்தான்.

கல்லில் இடம் விட்டதற்கும், ஓலையில் துளையைச் சுற்றி ஒதுங்கியதற்கும், ஈயத்தில் குவாட் வைத்ததற்கும் ஏதோ ஒரு கட்டாயம் இருந்தது. உளி தவறக் கூடாது, கயிறு உராயக் கூடாது, எழுத்து சரியக் கூடாது. திரைக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. எதையும் எங்கும் வைக்கலாம், எதுவும் கொட்டிவிடாது. அதனாலேயே இன்று பக்கம் கட்டுகிறவருக்குப் பொறுப்பு கூடியிருக்கிறது. படிக்க வருகிறவர் மேல் உள்ள அக்கறை ஒன்றுதான் இனி அவர் கையைப் பிடித்து நிறுத்த முடியும்.

இந்தத் தொழிலைப் படிக்கும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளைக் கல்லூரிகள் ஒரு நாளாவது குடுமியான்மலைக்கு அழைத்துப்போக வேண்டும். பழைய அச்சகங்களில் ஒன்றிரண்டு கேஸோ ஸ்டிக்கோ இன்னும் கிடந்தால், அவற்றை எடைக்குப் போடாமல் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு குவாட்டைக் கையில் வாங்கி எடை பார்த்த பிள்ளை, திரையில் வெள்ளையைக் கண்டதும் நிரப்பத் துடிக்காது. பக்கம் கட்டி முடித்ததும் அதை உங்கள் வீட்டில் வயதான ஒருவர் கையில் கொடுத்து, ஒரு விவரத்தைத் தேடச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். உங்களைக் கேட்காமலே அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது. அதுவரை முடியவில்லை.